ரோஜா மலரின் நிறமாற்றத்தை அளவிடுதல்: பறித்த மலரும் உலர்ந்த மலரும்

ரோஜா மலரின் நிறமாற்ற அளவீடு என்பது, பறித்த நிலையிலும் உலர்த்திய பின்னரும் இதழ்களின் நிறத்தை எண்களாகப் பதிவு செய்து, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிடும் முறையாகும். தோட்டக்கலை, உணவுத் தொழில்நுட்பம், தாவர வேதியியல் ஆகிய மூன்று துறைகளிலும் இது பயன்படுகிறது.

"கருஞ்சிவப்பு", "செக்கச்செவேல்", "வெளிறிய சிவப்பு" என்று சிவப்புக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் கருஞ்சிவப்பு என்பதை இன்னொருவர் அரக்கு நிறம் என்பார். பூக்கடையில் இது ஒரு பேச்சோடு போய்விடும். உலர்மலர் ஏற்றுமதி நடைபெறும் தூத்துக்குடியிலோ, கொய்மலர் ரோஜா பெருமளவில் விளையும் ஓசூரிலோ இது பணத்தைத் தொடும் செய்தி. சென்ற முறை அனுப்பிய நிறமே இந்த முறையும் வரவேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், விற்பவர் எதைக் காட்டி "அதே நிறம்தான்" என்று மெய்ப்பிப்பார்? சென்ற முறை அனுப்பிய இதழும் இதற்குள் நிறம் மாறியிருக்கும். நினைவில் உள்ள நிறத்தையோ நம்பவே முடியாது. எண்தான் மாறாமல் இருக்கும்.

ரோஜாவுக்கு நிறம் தரும் பொருள்கள்

சிவப்பு, இளஞ்சிவப்பு ரோஜாக்களின் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் எனப்படும் நீரில் கரையும் நிறமிகள். இவற்றுள் முதன்மையானது சயனிடின் என்னும் மூலக்கூறின் சர்க்கரைச் சேர்மம். ஆரஞ்சு கலந்த சிவப்பு வகைகளில் பெலார்கோனிடின் மிகுந்திருக்கும். இவை இதழின் மேல்தோல் செல்களில், வாக்குவோல் எனப்படும் நுண்குமிழ்ச் சாற்றில் கரைந்துள்ளன. மஞ்சள் ரோஜாவின் நிறம் பெரும்பாலும் கரோட்டினாய்டுகளால் வருவது. இவை நீரில் கரையாதவை. செல்லின் கணிகங்களுக்குள் தங்கியிருப்பவை. ஒரு துணைச் செய்தி: அடர் மஞ்சள் நிறம் தோட்ட ரோஜாக்களுக்குள் பரவலாக நுழைந்தது பெர்னே டுஷே என்ற பிரெஞ்சு வளர்ப்பாளர் 1900இல் வெளியிட்ட 'சொலெய் தோர்' என்ற வகைக்குப் பிறகுதான்.

வெள்ளை ரோஜாவில் வெள்ளை நிறமி என்று எதுவும் இல்லை. இதழின் செல்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளிகளில் ஒளி பலமுறை சிதறுவதால் அது வெண்மையாகத் தெரிகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலரும்போது குலைவது நிறமி மட்டுமன்று, இந்த அமைப்பும்தான்.

ஆந்தோசயனின் அமிலத்தில் சிவப்பாகவும், அமிலத்தன்மை குறையக் குறைய ஊதாவாகவும் மாறும். எட்டாம் வகுப்பு மாணவர்கூட இதைச் செய்து பார்க்கலாம். சிவப்பு ரோஜா இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று சிவக்கும். சலவைச் சோடா இட்டால் பச்சையாகும். அந்தப் பச்சை, நீலமாக மாறிய ஆந்தோசயனினும் சாற்றில் ஏற்கெனவே உள்ள ஃபிளேவனால்களின் மஞ்சளும் சேர்ந்த கலவை.

ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், கார்ன்பிளவர் என்னும் நீல மலரிலும் சிவப்பு ரோஜாவிலும் ஒரே சயனிடின்தான் உள்ளது என்று முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தார். தாவர நிறமி ஆய்வுகளுக்காக 1915ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நிற வேறுபாட்டுக்குச் செல்சாற்றின் அமிலத்தன்மையே காரணம் என்று அவர் கருதினார். கார்ன்பிளவரின் நீலத்துக்கு உலோக அயனிகளோடு அமையும் பெரிய மூலக்கூற்றுத் தொகுதியே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆனாலும் ரோஜா வாடும்போது நேர்வதை விளக்க அமிலத்தன்மைக் கருத்து இன்றும் உதவுகிறது.

பூச்சாடியில் உள்ள சிவப்பு ரோஜா சில நாள்களில் ஊதா படிந்து மங்குவதைப் பார்த்திருப்போம். தோட்டக்கலையில் இதை 'நீலமடைதல்' என்பர். இதழில் உள்ள சர்க்கரை தீர்ந்ததும் செல் தன் புரதங்களைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதில் உண்டாகும் அம்மோனியா செல்சாற்றின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. ஆந்தோசயனின் ஒளியை உறிஞ்சும் பகுதி நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்கிறது; இதழ் ஊதாவாகத் தெரிகிறது. சாடி நீரில் சர்க்கரை சேர்த்தால் இம்மாற்றம் தள்ளிப்போவதன் காரணமும் இதுவே. ஆகவே 'பறித்த மலர்' என்று எழுதினால் போதாது. பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் எழுதவேண்டும்.

நிற அட்டை முறை

கருவி இல்லாமல் அளக்கும் முறைகளில் புகழ்பெற்றது இலண்டன் அரச தோட்டக்கலைக் கழகத்தின் நிற அட்டை. சுருக்கமாக ஆர்.எச்.எஸ். அட்டை என்பர். 1966இல் முதன்முதலாக இவ்வடிவில் வெளிவந்தது. விசிறி போல் விரியும் தாள்களில் நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண்ணும் ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் உண்டு. கட்டத்தின் நடுவே ஒரு துளை இருக்கும். இதழை அடியில் வைத்துத் துளை வழியே பார்த்தால், சுற்றியுள்ள நிறத்தோடு இதழ் ஒன்றிப்போகிறதா என்பது தெரிந்துவிடும். புதிய மலர் வகைகளைப் பதிவு செய்யும்போது உலகெங்கும் இந்த எண்களே குறிக்கப்படுகின்றன.

நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குழல்விளக்கின் கீழே ஒன்றிய இரு நிறங்கள் வெளியே வந்ததும் வேறுபடக்கூடும். இம்முறையின் பெரிய குறை, 46ஏ என்பதற்கும் 53ஏ என்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று கழித்துப் பார்க்க முடியாது என்பதே. அவை பெயர்கள், அளவுகள் அல்ல. மாற்றத்தை அளக்க வேறொன்று தேவைப்படுகிறது.

நிறத்தை மூன்று எண்களாக்குதல்

பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1976இல் பரிந்துரைத்த சீலேப் என்னும் நிறவெளியே இன்று பெரும்பாலான ஆய்வுகளில் கையாளப்படுகிறது. இதில் ஒவ்வொரு நிறமும் மூன்று எண்களால் குறிக்கப்படும். 'எல்' என்பது வெளிர்மை. கரிக்கு 0, தூய வெள்ளைக்கு 100. 'ஏ' நேர்க்குறியானால் சிவப்புப் பக்கம், எதிர்க்குறியானால் பச்சைப் பக்கம். 'பி' நேர்க்குறியானால் மஞ்சள், எதிர்க்குறியானால் நீலம். வீட்டின் ஓர் அறையில் உள்ள மின்விளக்கின் இடத்தைச் சொல்ல நீளம், அகலம், உயரம் மூன்றும் தேவைப்படுவது போன்றதே இது.

இவற்றிலிருந்து மேலும் இரண்டு அளவுகள் பெறப்படுகின்றன. ஏ, பி இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நிறச்செறிவு. சாம்பலிலிருந்து நிறம் எவ்வளவு விலகித் துலங்குகிறது என்பதை இது காட்டும். பி-யை ஏ-ஆல் வகுத்துக் கிடைக்கும் டேன்ஜன்ட் மதிப்புக்குரிய கோணம் நிறக்கோணம். 0 பாகை இளஞ்சிவப்பை ஒட்டிய சிவப்பு, 90 மஞ்சள், 180 பச்சை, 270 நீலம்.

இரு நிறங்களுக்கு இடையே உள்ள மொத்த வேறுபாடு 'டெல்டா ஈ' எனப்படும். மூன்று எண்களின் வேறுபாடுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் காணவேண்டும். பிதாகரஸ் தேற்றம்தான், முப்பரிமாணத்தில். இம்மதிப்பு ஏறத்தாழ 2 என்றால் உற்றுப் பார்ப்பவருக்குப் புலப்படும். 10 என்றால் யாருக்கும் தெரியும்.

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களைப் பார்ப்போம். பறித்த சிவப்பு இதழ்: எல் 35, ஏ 50, பி 20. உலர்ந்த பின்: எல் 24, ஏ 26, பி 8. வேறுபாடுகள் 11, 24, 12. வர்க்கங்கள் 121, 576, 144. கூடுதல் 841, வர்க்கமூலம் 29. அதாவது டெல்டா ஈ 29, மிகப் பெரிய மாற்றம்.

இங்கேயே நின்றுவிடுவது பல மாணவர் அறிக்கைகளில் காணும் குறை. 29 என்ற ஒற்றை எண், நிறம் எந்தத் திசையில் போயிற்று என்று சொல்வதில்லை. மேலும் கணக்கிட்டால், நிறச்செறிவு 53.9இலிருந்து 27.2ஆக, ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துள்ளது. நிறக்கோணமோ 21.8 பாகையிலிருந்து 17.1 ஆகியிருக்கிறது, 5 பாகைகூட நகரவில்லை. ஆக, "கறுத்துவிட்டது" என்று நாம் சொல்லும் இதழ் சிவப்பை விட்டு வெளியேறவில்லை. வெளிர்மையும் செறிவும் இழந்த சிவப்பாகவே நிற்கிறது. வெள்ளை ரோஜாவில் நிலைமை மாறும். அங்கே பி உயர்ந்து பழுப்பு மஞ்சளை நோக்கி நகரும். காரணம் பீனால் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடைவது. டெல்டா ஈ மட்டும் பார்த்தால், முற்றிலும் வேறான இவ்விரு நிகழ்வுகளும் ஒன்று போலத் தோன்றும்.

இந்த வர்க்கமூலச் சூத்திரம் அடர்ந்த நிறங்களில் வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டும். அடர்சிவப்பு ரோஜா அப்படிப்பட்டதே. இதைச் சரிசெய்ய உருவானது சீட்-2000 என்னும் நீண்ட சூத்திரம்; கணினியின்றிச் செய்வது கடினம். எந்தச் சூத்திரம் பயன்பட்டது என்பதை அறிக்கையில் குறிப்பிட்டாக வேண்டும். பழைய கட்டுரைகள் சிலவற்றில் வரும் எல், ஏ, பி எண்கள் ரிச்சர்ட் ஹன்டர் 1948இல் வகுத்த வேறு அளவுகோலைச் சேர்ந்தவை. எழுத்துகள் ஒன்றே என்பதால் அவற்றை சீலேப் எண்களோடு ஒப்பிட்டுவிடக் கூடாது.

நிறக்கோணத்தில் ஒரு கண்ணி

இளஞ்சிவப்பு ரோஜாவை அளப்பவர் அடிக்கடி தவறுமிடம் இது. அவ்விதழ்களின் பி மதிப்பு 0-ஐ ஒட்டியே இருக்கும். சிலவற்றில் நேர்க்குறி, சிலவற்றில் எதிர்க்குறி. ஆகவே ஓர் இதழின் நிறக்கோணம் 4 பாகை என்றும், பக்கத்து இதழின் கோணம் 356 பாகை என்றும் கிடைக்கும். உண்மையில் இரண்டுக்கும் இடைவெளி 8 பாகைதான். ஆனால் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், அது பச்சை! இளஞ்சிவப்பு ரோஜாவின் சராசரி நிறம் பச்சை என்று அட்டவணை சொல்லும். முதலில் ஏ-க்கும் பி-க்கும் தனித்தனியே சராசரி எடுத்து, அதன்பின் கோணம் காண்பதே சரி. வெள்ளை இதழ்களில் ஏ, பி இரண்டுமே சிறியவை என்பதால் கோணம் தாறுமாறாக அலையும். அங்கே கோணத்தை விட்டுவிட்டுப் பி-யை நேரடியாகப் பார்க்கலாம்.

கருவியும் இதழும்

நிறமானி, நிறமாலை ஒளிமானி என இருவகைக் கருவிகள் உள்ளன. முன்னது மூன்று வடிகட்டிகளைக் கொண்டு மனிதக் கண்ணைப் போல அளக்கிறது. பின்னது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி எதிரொளிக்கிறது என்று காட்டுகிறது. சிவப்பு ரோஜாவில் 520–550 நானோமீட்டரை ஒட்டி, அதாவது பச்சைப் பகுதியில், பெரும் பள்ளம் தெரியும். 600-க்கு அப்பால் வளைவு செங்குத்தாக ஏறும். இதழ் மூத்து ஊதாவாகும்போது அந்தப் பள்ளம் வலப்புறம் நகர்வதை இதில் கண்ணால் காணலாம். டி65 என்னும் திட்டப் பகலொளி, 10 பாகைப் பார்வைக் கோணம் ஆகியவற்றைத் தேர்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் வெள்ளை ஓட்டில் கருவியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கருவியைவிட இதழே கூடுதல் தொல்லை தரும். பறித்த இதழ் மெல்லியது. ஒளி ஊடுருவிப் பின்னால் உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. கறுப்பு மேசையில் வைத்தால் ஒரு மதிப்பு, வெள்ளைத் தாளில் வைத்தால் வேறு மதிப்பு. ஒரே மலரின் மூன்று நான்கு இதழ்களை அடுக்கி அளப்பது, அல்லது எப்போதும் ஒரே வெள்ளை ஓட்டின்மேல் வைத்து அளப்பது நல்லது. இதழின் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே நிறமல்ல. வெளியிதழும் உள்ளிதழும் ஒன்றல்ல. அடிப்பகுதியில் வெள்ளை அல்லது மஞ்சள் புள்ளி இருக்கும். எந்த இடத்தை அளந்தோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

உலர்ந்த இதழ் சுருங்கி மடிந்திருக்கும். கருவியின் துளை 8 மில்லிமீட்டர் என்றால், அந்த வட்டத்துக்குள் இதழின் மேடுபள்ளங்கள் நிழல் விழுத்தும். வெளிர்மை குறைவாகப் பதிவாகும். அதில் ஒரு பங்கு நிறமியால் வந்ததல்ல, நிழலால் வந்தது. கண்ணாடித் தகட்டால் மெல்ல அழுத்திச் சமன்செய்யலாம்; அப்படியானால் பறித்த இதழையும் அதே கண்ணாடியின் கீழ்தான் அளக்கவேண்டும். பொடித்து அளப்போரும் உண்டு. பொடி நுண்மையாக ஆக ஒளியை அதிகம் சிதறடித்து வெளிறித் தோன்றும். மிளகாய் வற்றலையும் மிளகாய்த் தூளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது விளங்கும். பொடியின் எண்ணை முழு இதழின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பொடியைப் பொடியோடுதான் ஒப்பிடவேண்டும், அதுவும் ஒரே சல்லடையில் சலித்தபின்.

உலரும்போது கறுப்பது ஏன்?

சிவப்பு ரோஜா இதழின் மேல்தோல் செல்கள் கூம்பு வடிவில் புடைத்திருக்கும். இக்கூம்புகள் ஒளியைச் செல்லுக்குள் குவித்து அனுப்புகின்றன. வெல்வெட் போன்ற தோற்றத்தைத் தருபவையும் இவையே. நீர் வெளியேறியதும் கூம்புகள் சரிகின்றன. நீரில் பரவியிருந்த நிறமி சிறிய இடத்தில் நெருங்குகிறது. செல்கள் உடைவதால் அதுவரை தனித்திருந்த நொதிகளும் பீனால்களும் கலந்து பழுப்புப் பொருள்கள் உண்டாகின்றன. வெப்பத்தில் ஆந்தோசயனின் ஒரு பகுதி சிதைகிறது. நான்கும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நிறமானி நான்கின் கூட்டு விளைவைத்தான் சொல்லும்.

உலர்த்தும் முறைக்கேற்ப இவற்றின் பங்கு மாறும். நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நாள்கணக்கில் ஆவதால் நொதிகளுக்கு அவகாசம் கிடைத்துவிடுகிறது. சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்தால் நீர் விரைவாக இழுக்கப்படும், வடிவமும் நிற்கும். வெப்ப அடுப்பில் ரோஜாவுக்கு 40 முதல் 50 பாகை செல்சியஸ் வரை வைப்பது வழக்கம். உறைவித்து வெற்றிடத்தில் உலர்த்துவது நிறத்தைப் பெரிதும் காக்கும், செலவு அதிகம். சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்து உலர்த்துவது சிவப்பைக் காக்கும் என்பதன் காரணம் மேலே சொன்ன அமிலத்தன்மையிலேயே அடங்கியுள்ளது. பொதுவாக மஞ்சள் ரோஜாக்கள் நிறத்தை நன்றாகத் தக்கவைக்கின்றன. இளஞ்சிவப்பு சற்று அடர்ந்து நிற்கும். அடர்சிவப்பு கறுப்பை நெருங்கும். உலர்மலர் வணிகத்துக்கு நடுத்தர நிறமுள்ள வகைகளைத் தேர்வது இதனால்தான்.

நிறமி எவ்வளவு மிஞ்சியது?

இதை அறிய நிறமியைக் கரைத்தெடுத்து அளக்கவேண்டும். அமிலம் கலந்த மெத்தனாலில் இதழை ஊறவைத்து வடித்த சாற்றை இரு பங்காக்கி, ஒன்றைப் பி.எச். 1.0 கரைசலிலும் மற்றொன்றைப் பி.எச். 4.5 கரைசலிலும் நீர்க்கச் செய்கின்றனர். முதலாவதில் ஆந்தோசயனின் சிவப்பாகவும், இரண்டாவதில் ஏறக்குறைய நிறமற்றும் இருக்கும். பழுப்புப் பொருள்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். 520 நானோமீட்டர் அளவீட்டிலிருந்து கலங்கலுக்காக 700 நானோமீட்டர் அளவீட்டைக் கழித்து, பின் இரு கரைசல்களின் வேறுபாட்டைக் கண்டால் ஆந்தோசயனின் மட்டும் தனியே கிடைக்கும். மெத்தனால் நச்சும் எரியும் தன்மையும் உடையது; ஆசிரியர் மேற்பார்வையின்றி இதைச் செய்யக் கூடாது.

இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நேர்கிறது. பறித்த இதழில் 80 விழுக்காடு நீர் என்று கொள்வோம். ஒரு கிராம் இதழில் 1 மில்லிகிராம் நிறமி இருந்தது. உலர்ந்த இதழின் ஒரு கிராமில் 3.5 மில்லிகிராம் இருக்கிறது. "உலர்த்தினால் நிறமி மூன்றரை மடங்கு கூடுகிறது" என்று எழுதிவிடுவார்கள். உண்மை என்ன? பறித்த இதழின் ஒரு கிராமில் நீர் போக மிஞ்சுவது 0.2 கிராம். ஆகவே உலர் எடைக்கு ஈடாகப் பார்த்தால் தொடக்கத்திலேயே கிராமுக்கு 5 மில்லிகிராம் இருந்திருக்கிறது. 5 இப்போது 3.5 ஆகிவிட்டது, 30 விழுக்காடு இழப்பு. இதழோ முன்னைவிட அடர்ந்து தெரிகிறது. கண்ணுக்கு அடர்ந்தது, சோதனைக்குழாயில் குறைந்தது. இரண்டும் உண்மையே, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். குல்கந்து, ரோஜாத் தேநீர் போன்றவற்றுக்கு இதழ் வாங்குபவருக்குப் பின்னது முக்கியம். அலங்காரத்துக்கு வாங்குபவருக்கு முன்னது.

கைப்பேசியால் அளத்தல்

நிறமானி எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. கைப்பேசி ஒளிப்படத்திலிருந்தும் எல், ஏ, பி எண்களைப் பெறலாம். ஒப்பீட்டுக்கு அது போதும். ஒரு முறை அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் மாணவிகள் இருவர் மூன்று வாரம் உழைத்து அழகான வரைபடம் ஆயத்தம் செய்திருந்தனர். பறித்த மலரைக் காலை வெயிலில் முற்றத்திலும், உலர்ந்த மலரை மாலையில் ஆய்வகக் குழல்விளக்கின் கீழும் படமெடுத்திருந்தார்கள். நடுவர் கேட்ட முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிட்டது. அவர்கள் அளந்தது வெயிலுக்கும் குழல்விளக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துத்தான். அதை முன்கூட்டிக் கவனிக்காதது என் தவறு.

உட்புறம் வெள்ளைத் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டி, இடம் மாறாத ஒரே எல்.இ.டி. விளக்கு, ஒரே உயரத்தில் கைப்பேசி. படத்தில் இதழோடு சேர்த்து ஒரு வெள்ளைத் தாள் துண்டும் சாம்பல் அட்டைத் துண்டும் எப்போதும் இருக்கவேண்டும். பின்னர் எல்லாப் படங்களையும் அவற்றைக் கொண்டு ஒரே நிலைக்குக் கொண்டுவரலாம். தானியங்கி வெண்சமநிலையையும் ஒளி அளவையும் பூட்டிவிட வேண்டும். சிவப்பு ரோஜாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. படத்தில் சிவப்புக் கூறு உச்சவரம்பான 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்குமேல் உள்ள வேறுபாடு எதுவும் பதிவாகாது. இதழ் வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியும். ஒளியைச் சற்றுக் குறைத்து, சிவப்புக் கூறு 255-க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். இமேஜ்ஜே என்னும் கட்டணமில்லா மென்பொருளில் இதழின் ஒரு பகுதியைத் தேர்ந்து சராசரி எடுத்து, சீலேப் எண்களாக மாற்றலாம்.

அதே இதழை உலர்த்தும் முன்னும் பின்னும் அளக்க முடிந்தால் அதுவே மேல். காம்புப் பக்கம் நூலில் எண் கட்டிவிட்டால் போதும். வெவ்வேறு மலர்களை ஒப்பிட நேர்ந்தால் ஒரே செடியின், ஒரே விரிவு நிலையில் உள்ள குறைந்தது பத்து மலர்களை எடுத்து, ஒவ்வோர் இதழிலும் மூன்று இடங்களில் அளந்து சராசரியோடு திட்டவிலக்கத்தையும் எழுதவேண்டும். மலருக்கு மலர் உள்ள வேறுபாடே டெல்டா ஈ 5 என்றால், இரு உலர்த்தும் முறைகளுக்கு இடையே கிடைத்த 3 என்ற வேறுபாட்டுக்குப் பொருளில்லை.

உலர்த்தி முடித்ததோடு நிறமாற்றம் நின்றுவிடாது. வெளிச்சம் படும் அலமாரியில் வைத்த உலர் ரோஜா தொடர்ந்து வெளுக்கும். ஈரப்பதம் உறிஞ்சினால் மேலும் பழுக்கும். இதைக் கண்டறிய, ஒரே தொகுதி இதழ்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சன்னல் ஓரத்திலும் மறுபாதியைக் காற்றுப் புகாத கலத்தில் இருட்டிலும் வைத்து, வாரம் ஒரு முறை இரண்டையும் அளந்து வரலாம். இருட்டில் உள்ளவற்றின் மாற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுவதை வெளிச்சம், காற்றின் ஈரம் இரண்டின் கணக்கில் சேர்க்கவேண்டும். ஒளியின் பங்கை மட்டும் பிரிக்க விரும்பினால், மற்றொரு கலத்தைக் கறுப்புத் தாள் சுற்றாமல் அதே சன்னல் ஓரத்தில் மூடி வைத்தால் போதும்.